கோரிமேடு ஸ்டேஷனும் எங்கள் ரேடியோ சாரும்

நம் பள்ளி மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று பழைய மாணவர் சங்கத்தில் கேட்டபோதே தெரியும், விளையாட்டு விழா, பெஞ்சு மேல் ஏறி நின்றது, கேட்டுக்கு வெளியே விற்ற உப்பு மிளகாய் மாங்காய் எல்லாவற்றையும் மற்றவர்கள் எழுதிவிடுவார்கள். எனக்கு மிச்சம் இருப்பது ரேடியோதான். 90களின் முதல் பாதியில் நம் பள்ளியில் படித்தவர்களுக்கு 'ரேடியோ சார்' என்றாலே போதும், பெயர் வேண்டாம். பின்னால் வந்த தம்பி தங்கைகளுக்காகக் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

பிசிக்ஸ் எடுத்தார். பள்ளி விட்டதும் சைக்கிளை மிதித்து கோரிமேடு பக்கம் இந்திரா நகரில் இருக்கும் புதுச்சேரி வானொலி நிலையத்துக்குப் போய், அவர்கள் கூப்பிடும்போதெல்லாம் அறிவியல் பேச்சு பதிவு செய்துவிட்டு வருவார். 1967இல் தொடங்கிய நிலையம். மீடியம் வேவில் 1215 கிலோஹெர்ட்ஸ், பழைய பெட்டிகளின் முகப்பில் பார்த்தால் கிட்டத்தட்ட 247 மீட்டர். ஒரே ஸ்டேஷனுக்கு எதுக்கு சார் ரெண்டு நம்பர் என்று யாரோ கேட்கப்போய், அன்றைக்கு நடத்த வேண்டிய பாடத்தை மூடி வைத்துவிட்டு, "3 லட்சத்தை 1215ஆல் வகுங்கடா" என்றார். 246.9 வந்தது. வினாடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் என்கிற வேகத்தை அதிர்வெண்ணால் வகுத்தால் அலைநீளம் என்பது அதற்கப்புறம் எங்களில் ஒருவருக்கும் மறக்கவில்லை. புத்தகத்தில் அதே சமன்பாடு எந்தப் பக்கத்தில் இருந்தது என்று கேட்டால் தெரியாது.

இன்னொரு நாள் ஒரு பாக்கெட் டிரான்சிஸ்டரைக் கொண்டுவந்து மேசையில் வைத்து மெதுவாகத் திருப்பினார். ஒரு பக்கம் திரும்பும்போது குரல் தெளிவாக, இன்னொரு பக்கம் திரும்பும்போது தேய்ந்து போயிற்று. உள்ளே இருக்கிற ஃபெர்ரைட் கம்பிதான் ஏரியல், அது எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்பதைப் பொறுத்தது என்று கழற்றியே காட்டினார். ராத்திரியில் மட்டும் ஏன் எங்கெங்கோ இருக்கிற ஸ்டேஷன் எல்லாம் வந்து மோதுகிறது என்பதற்கும் பதில் இருந்தது. பகலில் வெயிலால் வளிமண்டலத்தின் மேலே உருவாகும் ஓர் அடுக்கு மீடியம் வேவை விழுங்கிவிடும், பொழுது சாய்ந்தால் அந்த அடுக்கு கரைந்துவிடும், அதற்கும் மேலே இருக்கும் அடுக்கில் பட்டு அலை திரும்பி வெகுதூரம் போய் இறங்கும். எங்கள் தெருவில் பலபேர் அதுவரை அதை பேட்டரி கோளாறு என்றே நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

அந்தச் சமயத்தில்தான், 1991 வாக்கில், மனிதப் பரிணாம வளர்ச்சியைப் பற்றி நாடு முழுக்க ஒரு வானொலித் தொடர் வந்தது. மத்திய அரசின் தேசிய அறிவியல் தொழில்நுட்பத் தகவல் தொடர்புக் குழுவும் அகில இந்திய வானொலியும் சேர்ந்து செய்தது. 144 பகுதிகள், 18 மொழிகள், தமிழும் உண்டு. யோசித்துப் பாருங்கள், படமே இல்லாமல், எலும்புக்கூடு ஒன்றையும் காட்டாமல், குரங்கு மாதிரியான மூதாதையிலிருந்து மனிதன் வரைக்கும் வாரக்கணக்கில் பேசியே கொண்டுபோனார்கள். பள்ளிகளையும் பிள்ளைகளையும் கேட்பவர்களாகப் பதிவு செய்துகொண்டு போஸ்டர், பயிற்சிப் பொருள் எல்லாம் இலவசமாக அனுப்பினார்கள். நம் பள்ளிக்கு வந்த போஸ்டரை சார் லேப் கதவில் ஒட்டினார், அதைப் பார்த்துவிட்டு யார் யாருக்கு எந்தப் பெயர் வைத்தோம் என்பதை இந்த மலரில் எழுத முடியாது, அவர்கள் எல்லோரும் இப்போது பெரிய பதவியில் இருக்கிறார்கள்.

அந்தத் தொடரைக் கேட்டுக் கேட்டுத்தான் எங்களுக்கும் எழுத ஆசை வந்தது. சாரிடம் கொண்டுபோய்க் கொடுத்தால் சிவப்பு மையால் அடித்துத் தள்ளுவார். "மேற்கண்டவாறு" என்று எழுதினால், "மேலே எங்கடா கண்டாங்க? காதால கேக்கறவனுக்கு மேலேயும் இல்ல, கீழேயும் இல்ல" என்பார். ஒரு வாக்கியத்தில் ஒரு எண்தான், அதையும் முழு எண்ணாக. சூரியன் 15 கோடி கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது என்று எழுதியிருந்தேன். "15 கோடியை எவன் பார்த்திருக்கான்? சூரியன் இப்பவே அணைஞ்சு போனாலும் ரேடியோவுல ரெண்டு சினிமாப் பாட்டு முடியற வரைக்கும் நமக்குத் தெரியாதுன்னு எழுது" என்றார். வெளிச்சம் இங்கே வந்து சேர எட்டு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல், பாட்டு ஒன்று நாலு நிமிடம், கணக்கு சரி.

அவருடைய ஸ்கிரிப்டுக்கு முதல் எடிட்டர் முத்தியால்பேட்டையில் இருந்த அவர் அம்மா. அம்மா அரிவாள்மனையில் மீன் ஆய்ந்துகொண்டிருக்கும்போதுதான் படித்துக் காட்டுவாராம், வேலை இல்லாமல் சும்மா உட்கார்ந்திருக்கும்போது படிக்க மாட்டாராம், ஏனென்றால் ரேடியோவை யாரும் சும்மா உட்கார்ந்து கேட்பதில்லை. "என்னடா சொன்ன?" என்று அம்மா கேட்டால் அந்த வாக்கியம் போச்சு, திருப்பி எழுதுவார். அம்மாவின் கை ஒரு நொடி நின்றால் அந்த இடத்தில் பென்சிலால் ஒரு டிக். எத்தனையோ வருஷம் கழித்து அலுவலக வேலைக்காக மேடைப்பேச்சுப் பயிற்சி வகுப்புக்குக் காசு கட்டிப் போனேன். இதைவிட உருப்படியாக அங்கே எதுவும் சொல்லித் தரவில்லை.

எங்கள் செட் செய்த பெரிய காரியம் லெ ஜாந்தீல் நாடகம். பதினைந்து நிமிடம். கதை நம் ஊர்க் கதை, ஆனால் எங்களுக்கே அதுவரை தெரியாது. வெள்ளிக் கோள் சூரியனுக்குக் குறுக்கே போவதை 1761 ஜூனில் புதுச்சேரியிலிருந்து பார்க்க வேண்டும் என்று பிரான்சிலிருந்து 1760இல் கப்பல் ஏறுகிறார் இந்த வானியல் அறிஞர். கிட்டே வருவதற்குள் ஊரை ஆங்கிலேயர் பிடித்துவிட்ட சேதி வருகிறது, கப்பல் திரும்புகிறது, ஆடுகிற கப்பலில் நின்று பார்த்தால் அளவு எடுக்க முடியுமா? அடுத்தது 1769இல் என்று தெரிந்து ஊருக்குப் போகாமல் இந்தப் பக்கமே சுற்றிக்கொண்டிருந்து, 1768இல் புதுச்சேரி வந்து, இடிந்து கிடந்த கோட்டையின் மேல் கருவிகளை வைத்துக் காத்திருக்கிறார். அந்தக் காலையில் மேகம். வெள்ளி கடந்து போன பிறகு வெயில் பளீரென்று அடித்தது. 1771இல் ஊர் திரும்பினால் இவர் செத்துவிட்டார் என்று உறவுக்காரர்கள் சொத்தைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தார்களாம்.

ஆனால் சாருக்கு இந்தச் சோகத்தில் பெரிய ஈடுபாடு கிடையாது. அவர் நாடகத்தின் நடுவில் கொண்டுவந்து வைத்தது வேறு ஒன்று. காத்திருந்த நாட்களில் லெ ஜாந்தீல் இங்கே தமிழர்களிடம் கிரகணம் கணிக்கும் முறையைக் கற்றுக்கொண்டார். எழுதுகோல், காகிதம் எதுவும் இல்லை, தரையில் சோழிகளை வைத்து நகர்த்தியே அவர்கள் வேகமாகக் கணக்குப் போடுவதைப் பார்த்து அசந்துபோய் எழுதி வைத்திருக்கிறார். 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணம் எவ்வளவு நேரம் நீடித்தது என்பதில் தமிழ்க் கணக்கு 41 வினாடி குறைவு, ஐரோப்பாவின் சிறந்த அட்டவணைகளில் ஒன்று 68 வினாடி அதிகம். இதைப் பெருமையடிக்கிற மாதிரி எழுதியிருந்தோம். சார் அந்த வசனங்களையெல்லாம் வெட்டினார். இரண்டு பேரும் தவறினார்கள், இரண்டு பேரும் எவ்வளவு தவறினோம் என்று தெரிந்துகொள்ளும்படி கணக்குப் போட்டார்கள், அதுதான் அறிவியல், அதோடு நிறுத்து என்றார்.

ரெக்கார்டிங் அன்று சோழிச் சத்தம்தான் பாடாய்ப் படுத்தியது. பாட்டியின் பல்லாங்குழிப் பெட்டியிலிருந்து அள்ளிக்கொண்டு போயிருந்தோம். ஸ்டுடியோ தரையில் கம்பளம், சுவரெல்லாம் சத்தத்தை உறிஞ்சுகிற அட்டை, சோழியைக் கொட்டினால் ஒன்றுமே கேட்கவில்லை. நிலையத்தில் இருந்த அண்ணன் ஒருவர் எங்கிருந்தோ ஒரு மணைப் பலகையைக் கொண்டுவந்து போட்ட பிறகுதான் 'கடகட' என்று காதுக்கு வந்தது. பக்கம் திருப்பும் சத்தம் மைக்கில் விழாமல் இருக்க ஒரு பக்கம் மட்டுமே எழுதி, ஒவ்வொரு தாளாகக் கீழே நழுவவிட வேண்டும் என்பதும் அன்றைக்குக் கற்றதுதான். வசனத்தில் தடுமாறிய இடத்தை அவர்கள் ஸ்பூல் டேப்பை பிளேடால் வெட்டி ஒட்டுவதைப் பார்த்ததில் எனக்கு நாடகமே மறந்துபோயிற்று.

1995 அக்டோபர் 24 சூரிய கிரகணம் வந்தபோது நாங்கள் பிளஸ் டூ. ராஜஸ்தானிலிருந்து வங்காளம் வரை ஒரு கீற்றில்தான் முழு கிரகணம், நமக்குப் பகுதி. முன்னால் சார் பேசிய பேச்சைக் கேட்டு பாகூர் பக்கத்திலிருந்து ஓர் அம்மா கார்டு போட்டிருந்தார், மருமகள் மாசமாக இருக்கிறாள், வெளியே விடலாமா என்று. நாங்கள் சிரித்தோம். சார் சிரிக்கவில்லை. "கிண்டல் பண்ணா அந்தம்மா ரேடியோவ அணைச்சிடும், அதுக்கு ஒரு திருகு போதும்" என்று சொல்லிவிட்டு அடுத்த பேச்சில் பதில் சொன்னார். சூரியனை வெறும் கண்ணால் பார்த்தால் விழித்திரை சுட்டுவிடும், விழித்திரைக்கு வலி தெரியாது என்பதால் சுட்டதே உடனே தெரியாது, அது கர்ப்பிணிக்கு மட்டும் இல்லை, எல்லோருக்கும்தான். வயிற்றுப் பிள்ளைக்கு அதனால் எதுவும் ஆகாது. வேப்ப மரத்தடியில் போய் நின்று, சூரியனுக்கு முதுகைக் காட்டி, தரையைப் பாருங்கள், இலை இடுக்கு வழியாக விழும் ஒவ்வொரு வெளிச்சப் பொட்டும் பிறையாக இருக்கும். அன்று நம் பள்ளி மரத்தடியில் அதைப் பார்த்தவர்கள் இந்த மலரைப் படிப்பவர்களில் நிச்சயம் இருப்பீர்கள்.

பயன்பட்டால்தான் கேட்பார்கள் என்பது அவர் கட்சி. 60களில் தஞ்சாவூர்ப் பக்கம் ஆடுதுறை 27 நெல்லை ரேடியோவில் கேட்டுத்தான் விவசாயிகள் பயிரிட்டார்கள், அதற்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் விழுந்தது என்று அடிக்கடி சொல்வார். எனக்கு அது முழுதாகப் புரிந்தது 2004 டிசம்பர் 26க்குப் பிறகு. நான் அப்போது இங்கே சிங்கப்பூர் வந்து கொஞ்ச காலம் ஆகியிருந்தது. நம் ஊர்ப் பக்கம் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998இலிருந்து வில்லியனூரை மையமாக வைத்து கிராமங்களில் தகவல் மையம் நடத்தியது. வீராம்பட்டினத்தில் அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து எடுத்த அலை உயரத்தை ஒலிபெருக்கியில் சொல்வார்கள், மீனவர்கள் அதைக் கேட்டுக் கடலுக்குப் போவார்கள். அதே திட்டத்தில் இருந்த நல்லவாடு என்கிற மீனவக் கிராமத்துக்காரர் ஒருவர் அந்த ஞாயிற்றுக்கிழமை சிங்கப்பூரிலிருந்து வீட்டுக்கு போன் செய்து, கடல் பொங்கி வருகிறது, ஓடுங்கள், ஊருக்கும் சொல்லுங்கள் என்றார். மையத்தின் பூட்டை உடைத்து அந்த ஒலிபெருக்கியில் கத்தினார்கள், ஊரே வெளியேறியது. வேறொரு நாள் யாரோ தெருவில் ஓடிவந்து கத்தியிருந்தால் எத்தனை பேர் எழுந்திருப்பார்கள் என்று தெரியாது. இந்த ஒலிபெருக்கி தினமும் அலையைப் பற்றிச் சொல்லி வந்த ஒலிபெருக்கி.

இப்போது புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் வானொலியான புதுவை வாணி 107.8இல் பிள்ளைகளே நிகழ்ச்சி செய்கிறார்கள், சந்தோஷம். இங்கே சிங்கப்பூரின் தமிழ் வானொலி 'ஒலி 96.8' காரில் ஓடிக்கொண்டிருக்கும்போது யாராவது டாக்டர் வந்து சர்க்கரை வியாதியைப் பற்றி மூச்சு விடாமல் புள்ளிவிவரம் அடுக்கினால் எனக்கு அரிவாள்மனைதான் ஞாபகம் வரும். பின்னணி இசையைப் போட்டு மிரட்டுகிற அறிவியல் வீடியோக்களைப் பற்றி ஒன்றும் சொல்ல வேண்டாம், வயசாகிவிட்டது என்பீர்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். லெ ஜாந்தீல் நாடகம் ஒலிபரப்பானபோது நம் செட்டில் ஒருவன் வீட்டு டூ இன் ஒன்னில் கேசட்டில் பதிவு செய்தான், ஒரு பக்கம் நாடகம், மறு பக்கம் அவன் அக்கா கல்யாணத்து நாதஸ்வரம். கேசட் அக்காவிடம் போய்விட்டதாம், அக்கா டொராண்டோவில் இருப்பதாகக் கேள்வி. கனடா கிளைக்காரர்கள் யாராவது விசாரித்துச் சொன்னால் தபால் செலவை நான் ஏற்றுக்கொள்கிறேன், நாதஸ்வரத்தையும் பத்திரமாக டிஜிட்டலாக மாற்றிக் கொடுத்துவிடுகிறேன்.