மலையிலிருந்து ஜெர்மனிக்கு: முதலில் பெயர், அடுத்து பட்டா, பிறகு அட்மிஷன்

நீலகிரியிலிருந்து ஜெர்மனிக்கு முதுகலை படிக்கக் கிளம்புகிறவர்களுக்கு அட்மிஷன் அவ்வளவு பெரிய மலை இல்லை. அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் கல்விக் கட்டணமே கிடையாது, செமஸ்டருக்கு 100 முதல் 350 யூரோ வரை நிர்வாகக் கட்டணம் மட்டும்தான். மதிப்பெண் இருந்து, படித்த பாடங்களும் பொருந்தினால் இடம் கிடைக்கும். கையில் அட்மிஷன் கடிதம் வந்த பிறகு ஜூலையில் அழுதுகொண்டு நிற்பவர்கள் இரண்டே காரணத்தால் நிற்கிறார்கள். ஒன்று, பத்தாம் வகுப்புச் சான்றிதழிலும் பாஸ்போர்ட்டிலும் பெயர் வேறு வேறு. இன்னொன்று, வங்கி கேட்கும் அடமானத்துக்குத் தகுந்த பத்திரம் வீட்டில் இல்லை. இரண்டையும் சரிசெய்ய மாதக்கணக்கில் ஆகும். அதனால் அக்டோபரில் வகுப்பு தொடங்க வேண்டுமென்றால் முந்தைய அக்டோபரிலேயே இந்த இரண்டையும் எடுத்துவிடுங்கள். பல்கலைக்கழகப் பட்டியல் போடுவதெல்லாம் அதற்கு அப்புறம்.

பெயர் விஷயம் நம் ஊருக்கே உரியது. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் 'கார்த்திகேயன் எஸ்' என்று இருக்கும். பாஸ்போர்ட்டில் இனிஷியல் போட முடியாது, விரித்துத்தான் எழுத வேண்டும். அங்கே 'கார்த்திகேயன்' என்பது பெயராகவும் 'செல்வராஜ்' என்பது குடும்பப் பெயராகவும் பதிவாகும். டிகிரி சான்றிதழில் 'எஸ். கார்த்திகேயன்'. ஆதாரில் 'செல்வராஜு' என்று கடைசியில் ஒரு உகரம் கூடியிருக்கும். நமக்கு எல்லாம் ஒரே ஆள். கோப்பைப் பார்க்கிற அதிகாரிக்கு அப்படி இல்லை. படுகர் குடும்பங்களில் ஊர்ப் பெயரும் தந்தை பெயருமாக இரண்டு இனிஷியல் இருந்தால் சிக்கல் இன்னும் கூடும், ஏனென்றால் ஒவ்வொரு சான்றிதழிலும் ஒவ்வொரு வரிசையில் இருக்கும். இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியவர்களின் பிள்ளைகளுக்குத் தந்தை பெயரின் எழுத்துக்கூட்டலே ஆவணத்துக்கு ஆவணம் மாறும்.

செய்ய வேண்டியது இதுதான். பாஸ்போர்ட்டை அடிப்படையாக வைத்துக்கொள்ளுங்கள். ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வுப் பதிவு, ஏபிஎஸ் எனப்படும் சான்றிதழ் சரிபார்ப்புக்கான விண்ணப்பம், பல்கலைக்கழக விண்ணப்பம், விசா படிவம், விமான டிக்கெட் எல்லாவற்றிலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே, எழுத்துக்கு எழுத்து. இனிஷியல் விரிவு மட்டும்தான் வித்தியாசம் என்றால் நோட்டரி முன்னால் 'இருவரும் ஒருவரே' என்ற உறுதிமொழிப் பத்திரம் எழுதி, அதில் எந்த ஆவணத்தில் எந்த வடிவம் இருக்கிறது என்று ஒவ்வொன்றாகக் குறிப்பிட்டு வைத்துக்கொள்ளுங்கள். பெயரே மாறியிருந்தால் அது போதாது. தமிழ்நாடு அரசிதழில் பெயர் மாற்றம் வெளியாக வேண்டும். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் பிழை என்றால் படித்த பள்ளித் தலைமையாசிரியர் வழியாகச் சென்னை அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்குப் போக வேண்டும். பாஸ்போர்ட் இன்னும் எடுக்கவில்லை என்றால் அதைவிட நல்ல நிலை வேறில்லை. குடும்பப் பெயர் கட்டத்தைக் காலியாக விடாதீர்கள். காலியாக விட்டால் பின்னால் நிரப்பும் ஒவ்வொரு ஆன்லைன் படிவமும் அந்த இடத்தில் முரண்டு பிடிக்கும். நீலகிரிக்கு மண்டல பாஸ்போர்ட் அலுவலகம் கோவையில் இருக்கிறது, கொடைக்கானல்காரர்களுக்கு மதுரை.

அடுத்தது பணம். ஜெர்மன் மாணவர் விசாவுக்கு ஒரு வருடச் செலவுப் பணத்தை முடக்கக் கணக்கில் (பிளாக்டு அக்கவுன்ட்) போட்டுக் காட்ட வேண்டும். 2024 செப்டம்பரிலிருந்து அந்தத் தொகை 11,904 யூரோ. அங்கே போன பிறகு மாதம் 992 யூரோ வீதம்தான் கையில் வரும். ஒரு யூரோ 100 ரூபாய் என்று கணக்கிட்டாலே ஏறத்தாழ 12 லட்சம். வங்கிக் கடன் அனுமதிக் கடிதத்தை மட்டும் காட்டினால் ஆகாது, பணம் அந்தக் கணக்கில் போய்ச் சேர்ந்து அதற்கான சான்று வர வேண்டும்.

அரசு வங்கிகள் பின்பற்றும் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தில் 4 லட்சம் வரை அடமானமும் வேண்டாம், முன்பணமும் வேண்டாம். 4 லட்சத்துக்கு மேல் 7.5 லட்சம் வரையும் சொத்து அடமானம் வேண்டியதில்லை. அதைத் தாண்டினால் சொத்து அடமானம். வெளிநாட்டுப் படிப்புக்கு 15 சதவீதம் நம் கையிலிருந்து போட வேண்டும். 15 லட்சம் திட்டச் செலவு என்றால் 2.25 லட்சம் நம்முடையது. ஆக, முடக்கக் கணக்குத் தொகை ஒன்றே உங்களை அடமானக் கோட்டுக்கு மேலே தூக்கிவிடுகிறது. மலையில் இருப்பவர்களுக்கு நிஜமான சிரமம் இங்கேதான் தொடங்குகிறது.

தேயிலைத் தோட்டம் ஒரு ஏக்கர் இருக்கிறதே என்று வங்கிக்குப் போவார்கள். வங்கிகள் வாராக் கடனை மீட்கப் பயன்படுத்தும் 2002ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டத்தில் 31ஆம் பிரிவு விவசாய நிலத்தை விலக்கி வைத்திருக்கிறது. கடன் திரும்பாவிட்டால் நீதிமன்றம் போகாமல் அந்த நிலத்தை எடுத்து விற்க வங்கிக்கு வழியில்லை. அதனால் மேலாளர் நல்லவராக இருந்தாலும் விவசாய நிலத்தை வாங்கத் தயங்குவார். சரி, வீட்டை வைப்போம் என்றால் கட்டட அனுமதி கேட்பார்கள். நீலகிரியில் 1993ஆம் ஆண்டு மாஸ்டர் பிளான் விதிகளுக்குப் பிறகு கட்டிய வீடுகளில் முறையான அனுமதி இல்லாதவை ஏராளம். வரி ரசீது, மின் இணைப்பு எல்லாம் இருக்கும், வரைபட அனுமதி மட்டும் இருக்காது. வங்கியின் வேல்யூவர் முதலில் கேட்பதே அதைத்தான்.

ஹட்டிகளில், அதாவது படுகர் ஊர்களில், கூட்டுப் பட்டா இன்னொரு சங்கடம். தாத்தா பெயரில் உள்ள நிலத்தில் பெரியப்பா, சித்தப்பா, அத்தைமார் எல்லாருக்கும் பங்கு. எல்லாரும் கையெழுத்துப் போட வேண்டும், அல்லது பாகப்பிரிவினை செய்து, நில அளவையர் வந்து உட்பிரிவு செய்து, தனிப் பட்டா வாங்க வேண்டும். குடும்பத்தில் மனஸ்தாபம் இல்லாவிட்டாலும் இது இழுக்கும். கூடலூர், பந்தலூர் பக்கம் நிலைமை இதைவிடக் கடினம். 1969ஆம் ஆண்டு ஜென்ம நில ஒழிப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவில் வரும் நிலங்களில் மூன்று தலைமுறையாகக் குடியிருப்பவர்களுக்கும் பட்டா கிடையாது. அந்த நிலத்தை எந்த வங்கியும் அடமானமாக எடுக்காது. அதை நம்பி ஒரு மாதத்தைக்கூட வீணாக்காதீர்கள்.

இவர்களுக்கெல்லாம் வழி இல்லையா என்றால், இருக்கிறது. சொத்து பெற்றோருடையதாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. மேட்டுப்பாளையத்திலோ கோவையிலோ அனுமதி பெற்ற வீடு வைத்திருக்கும் மாமா, பெரியம்மா சம்மதித்தால் அதை வைக்கலாம். அவரிடம் விஷயத்தை மறைக்காமல் சொல்லுங்கள்: கடன் முடியும்வரை மூலப் பத்திரம் வங்கியில்தான் இருக்கும். நிரந்தர வைப்புத்தொகை, சரண்டர் மதிப்புள்ள எல்ஐசி பாலிசி ஆகியவையும் அடமானமாகும். அடமானமில்லாமல் தரும் தனியார் நிதி நிறுவனங்கள் உண்டு, வட்டி கூடுதல். அதை எடுப்பதற்கு முன் மாதத் தவணையைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்து. மத்திய அரசின் வட்டி மானியத் திட்டமும் பிஎம் வித்யாலட்சுமி திட்டமும் இந்தியாவுக்குள் படிப்பவர்களுக்கு மட்டுமே. இதை வெளிநாட்டுக்கும் கிடைக்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

வங்கிக்குப் போகும்போது மூலப் பத்திரம், 30 வருட வில்லங்கச் சான்று, பட்டா, புல வரைபடம், கட்டட அனுமதி, வரி ரசீது எல்லாம் ஒரே கோப்பில் இருக்கட்டும். வங்கியின் பேனல் வக்கீல் ஒரு தாள் குறைந்தாலும் கோப்பைத் திருப்பி வைப்பார். வருமானச் சான்றும் முக்கியம். பச்சைத் தேயிலை கொடுத்துப் பிழைக்கும் குடும்பங்களில் வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும் வழக்கம் குறைவு. கூட்டுறவுத் தொழிற்சாலையோ தனியார் தொழிற்சாலையோ இலைப் பணத்தை வங்கிக் கணக்கில் போட்ட பதிவு குறைந்தது ஒரு வருடத்துக்கு இருந்தால் பேசுவதற்குப் பிடிமானம் கிடைக்கும். பணமாகக் கையில் வாங்குகிறவர்கள் இன்றைக்கே கணக்குக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

உதவித்தொகை பற்றி மலையில் தெரிய வேண்டிய அளவுக்குத் தெரியவில்லை என்பது எங்கள் வருத்தம். மத்திய பழங்குடியினர் நல அமைச்சகத்தின் தேசிய வெளிநாட்டு உதவித்தொகையில் வருடத்துக்கு 20 இடங்கள், அதில் 3 இடங்கள் மிகவும் நலிவுற்ற பழங்குடிகளுக்கென்றே தனியாக ஒதுக்கப்பட்டவை. தமிழ்நாட்டில் அந்தப் பிரிவில் வரும் ஆறு சமூகங்களும், அதாவது தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர், நீலகிரியில் வாழ்கிறார்கள். பழங்குடியினர் சாதிச் சான்றைத் தாசில்தார் தர முடியாது, கோட்டாட்சியர்தான் தர வேண்டும். பழைய சான்று கையில் இருந்தாலும் எந்த அதிகாரி கையெழுத்து என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். பட்டியல் சமூகத்தினருக்கு மத்திய சமூக நீதி அமைச்சகத்தின் திட்டம் தனியாக உண்டு. தமிழ்நாடு அரசின் ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நலத்துறையும் அயல்நாட்டுப் படிப்புக்கு உதவுகிறது. படுகர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருவதால் இவை அவர்களுக்குப் பொருந்தாது. அவர்கள் டாட் (DAAD) என்ற ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பின் உதவித்தொகைகளைப் பார்க்கலாம். அதில் வளர்ச்சி சார்ந்த படிப்புகளுக்கான பிரிவுக்குப் பொதுவாக இரண்டு வருட வேலை அனுபவம் கேட்கிறார்கள்.

இனி விண்ணப்பம். 2022 நவம்பர் 1 முதல் இந்திய மாணவர்களுக்கு ஏபிஎஸ் சான்று கட்டாயம். கட்டணம் 18,000 ரூபாய். பத்தாம், பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், எல்லா செமஸ்டர் பட்டியல், டிகிரி அல்லது தற்காலிகச் சான்று, பாஸ்போர்ட் நகல் ஆகியவற்றைச் சரிபார்த்து, இவை உண்மையானவை என்று தரும் சான்று இது. அரியர் எழுதிய பாடங்களுக்குப் பழைய பட்டியலும் புதிய பட்டியலும் இரண்டுமே வேண்டும். 'தேறிவிட்டேனே, பழையது எதற்கு' என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

மதிப்பெண் மாற்றுவதில் ஒரு நுணுக்கம். ஜெர்மனியில் 1 உயர்ந்தது, 4 தேர்ச்சி. மொத்த மதிப்பெண்ணிலிருந்து உங்கள் மதிப்பெண்ணைக் கழித்து, அதை மொத்தத்துக்கும் தேர்ச்சி மதிப்பெண்ணுக்கும் உள்ள இடைவெளியால் வகுத்து, 3ஆல் பெருக்கி, 1 கூட்ட வேண்டும். 72 சதவீதம் வாங்கியவருக்குத் தேர்ச்சி 40 என்றால் 2.4 வரும். அதே ஆளுக்குத் தேர்ச்சி 50 என்று எடுத்துக்கொண்டால் 2.68. பல படிப்புகளில் வரம்பு 2.5. ஒரு எண் தப்பாகப் போனால் தகுதியான மாணவர் வெளியே. ஆகவே பல்கலைக்கழகத்தில் டிரான்ஸ்கிரிப்ட் வாங்கும்போது குறைந்தபட்சத் தேர்ச்சி மதிப்பெண் அதில் அச்சாகியிருக்கிறதா என்று கவுன்டரிலேயே பாருங்கள். இல்லையென்றால் தனியாக ஒரு கடிதம் கேட்டு வாங்குங்கள். ஊட்டியிலிருந்து இதற்காக இன்னொரு தடவை கோவைக்கு இறங்குவது ஒரு நாள் வேலை.

பல பல்கலைக்கழகங்களுக்காக வெளிநாட்டு விண்ணப்பங்களைச் சரிபார்க்கும் யூனி-அசிஸ்ட் அமைப்பு வழியாகப் போகும் விண்ணப்பங்களுக்கு முதலாவதுக்கு 75 யூரோ, அதே பருவத்தில் அடுத்தடுத்தவற்றுக்கு 30 யூரோ. எல்லா இடத்துக்கும் போடாமல் பாடம் பொருந்தும் ஆறேழு இடங்களைத் தேர்ந்தெடுங்கள். நிராகரிப்பு பெரும்பாலும் பாடம் பொருந்தாததால்தான் வருகிறது. படிப்பின் சேர்க்கை விதியில் கணிதம் இத்தனை கிரெடிட், வேதியியல் இத்தனை கிரெடிட் என்று இருக்கும், அதை உங்கள் சிலபஸோடு வரிக்கு வரி ஒப்பிடுங்கள். பாடன்-வூர்ட்டம்பர்க் மாநிலத்தில் செமஸ்டருக்கு 1,500 யூரோ கட்டணம் உண்டு என்பதையும் கணக்கில் வையுங்கள். ஏஜென்ட் தனியார் கல்லூரியையே திரும்பத் திரும்பச் சொன்னால் காரணம் கமிஷன். அரசுப் பல்கலைக்கழகங்கள் கமிஷன் தருவதில்லை.

நோக்கக் கடிதத்தில் மலையின் அழகை எழுத வேண்டாம். முதுமலையில் உண்ணிச்செடி பரவலை எப்படி அளந்தீர்கள், சீகை (வாட்டில்) மரங்களை அகற்றிய இடத்தில் சோலை மரக்கன்று பிழைத்ததா, பட்டதா என்று நீங்கள் செய்த புராஜெக்ட்டை எழுதினால் பேராசிரியர் நின்று படிப்பார். டிரெஸ்டன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் தாரன்ட் வளாகத்தில் வெப்பமண்டல வனவியல் ஆங்கிலத்திலேயே சொல்லித்தரப்படுகிறது. வனம், தாவரவியல் படித்த மலைப் பிள்ளைகள் இப்படிப்பட்ட படிப்புகளை ஏன் தேடுவதில்லை என்பது எங்களுக்குப் புரியாத ஒன்று.

விசா வேலை ஜூன் முதல் ஆகஸ்டுக்குள் வரும். அது தென்மேற்குப் பருவமழைக் காலம். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 900 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியதை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். நேர்காணல் சென்னையில் என்றால் இரண்டு நாள் முன்னாலேயே மேட்டுப்பாளையம் இறங்கிவிடுங்கள். நீலகிரி எக்ஸ்பிரஸ் டிக்கெட்டை அப்பாயின்ட்மென்ட் கிடைத்த அன்றே போடுங்கள். அசல் சான்றிதழ்களைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கைப்பையில் வையுங்கள், பஸ் கேரியரில் வேண்டாம். விசா கட்டணம் 75 யூரோ, ரூபாயில் கட்டலாம். வங்கிக் கடனிலிருந்து அனுப்பும் கல்விப் பணத்துக்கு 2025 ஏப்ரல் முதல் டிசிஎஸ், அதாவது பணம் அனுப்பும்போதே வங்கி வசூலிக்கும் வரி, பிடித்தம் இல்லை. சொந்தப் பணம் என்றால் வருடத்துக்கு 10 லட்சத்துக்கு மேல் போகும் தொகைக்குப் பிடிப்பார்கள். அதை வரிக் கணக்கில் திரும்பப் பெறலாம், ஆனால் அந்த நேரத்தில் கையில் பணம் வேண்டும்.

அட்மிஷன் வந்த அன்றே மாணவர் விடுதி அறைக்கு எழுதிப் போடுங்கள். அங்கே குடியேறி இரண்டு வாரத்துக்குள் முகவரிப் பதிவு, அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்திட்ட படிவம் தேவை. அது இல்லாமல் வங்கிக் கணக்கு தாமதமாகும், கணக்கு இல்லாமல் முடக்கப் பணம் வராது. ஆகவே முதல் ஆறு வாரச் செலவுக்குத் தனியாக யூரோ கொண்டுபோங்கள். வருடத்துக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் வேலை செய்யலாம், ஆனால் முதல் செமஸ்டரில் அந்தச் சம்பளத்தை நம்பித் திட்டம் போட வேண்டாம். இரண்டாம் வருடம் தங்கும் அனுமதியைப் புதுப்பிக்கும்போது பணம் இருப்பதை மறுபடி காட்ட வேண்டும். கடனின் அடுத்த தவணைக்கு ஊரிலுள்ள கிளை புதிய செமஸ்டரின் பதிவுச் சான்றையும் மதிப்பெண் விவரத்தையும் கேட்கும். அவை ஜெர்மன் மொழியில் வந்தால் ஆங்கிலப் பிரதியும் சேர்த்து அனுப்புங்கள், அப்பா அம்மா கையெழுத்துக்குக் கிளைக்குப் போக வேண்டிய தேதியை முன்னாலேயே மேலாளரிடம் கேட்டுச் சொல்லிவிடுங்கள்.