சிரிக்காமல் சிரிக்க வைக்கிறவர்கள்

திருகோணமலையில் விளம்பர ஒலிப்பதிவுக்கூடம் என்றால் பெரிதாக எதையும் கற்பனை செய்ய வேண்டாம். ஒரு மாடி அறை, சுவரில் பஞ்சுப் பலகை, அது போதாத இடத்தில் முட்டை மட்டை, ஒரு கணினி, ஒரு நல்ல மைக், பதிவு தொடங்கியதும் இரைச்சலுக்குப் பயந்து நிறுத்திவிடுகிற ஒரு ஏசி. கடைத் திறப்பு, மலிவு விற்பனை, கோவில் திருவிழா, பாடசாலை விளையாட்டுப் போட்டி, அப்புறம் மரண அறிவித்தல் என்று ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு உப்புவெளி, நிலாவெளிப் பக்கமெல்லாம் போகிற குரல்கள் இப்படியான அறைகளில்தான் பிறக்கின்றன. நான் அங்கே பதிவு, வெட்டு, ஒட்டு, கலவை எல்லாம் பார்ப்பவன்.

விளம்பரத்துக்கு வருகிற எல்லாரும் கடைசியில் ஒன்றைத்தான் கேட்பார்கள். "தம்பி, கொஞ்சம் கலகலப்பா செஞ்சு தாங்க." முப்பது விநாடிக்குள் கடையின் பெயர் மூன்று தடவை வர வேண்டும், தொலைபேசி இலக்கம் இரண்டு தடவை, இடம் எங்கே என்று ஒரு தடவை, மிச்சம் இருக்கிற இடத்தில் கலகலப்பு. அவர்கள் நினைக்கிற கலகலப்பு என்பது குரலே சிரித்துக்கொண்டு பேசுவது, பின்னால் "டொய்ங்" என்று ஒரு சத்தம் விழுவது. ஒரு பகிடியைச் சாகடிக்க இதைவிடக் குறுக்கு வழி கிடையாது. சிரிக்க வேண்டியது கேட்கிறவன். சொல்கிறவனே முந்திச் சிரித்துவிட்டால் அவனுக்கு என்ன வேலை இருக்கிறது?

இதை எனக்கு முதலில் சொன்னது எங்களுக்குக் குரல் கொடுக்கிற மாஸ்டர். ஓய்வுபெற்ற ஆசிரியர். மரண அறிவித்தலையும் ஐஸ்கிரீம் விளம்பரத்தையும் ஒரே முகத்தோடு வாசிப்பார், ஆனால் கேட்டால் இரண்டும் இரண்டுதான். அவர் சொன்னது அப்போது எனக்குப் பாதிதான் விளங்கியது. மிச்சத்தை விளக்கியது ஒரு அமெரிக்க றொக் குழு, அதுவும் 2022இன் மின்வெட்டுக் காலத்தில்.

குழுவின் பெயர் தே மைட் பி ஜயன்ட்ஸ். 1982இல் புரூக்ளினில் ஜோன் ஃப்ளான்ஸ்பேர்க், ஜோன் லினல் என்று இரண்டு ஜோன்கள் சேர்ந்து தொடங்கியது, பள்ளிக்கூடத்துச் சினேகிதம். ஒருவர் கிட்டார், மற்றவர் அக்கோர்டியன். றொக் மேடையில் அக்கோர்டியனைக் கொண்டுபோய் நிறுத்துவதே ஒரு பகிடி என்று நினைப்பீர்கள், ஆனால் லினல் அதைப் பகிடியாக வாசிப்பதில்லை, நல்லாக வாசிக்கிறார். எண்பதுகளில் வீட்டில் இருந்த தொலைபேசிப் பதில் கருவியில் புதுப்புதுப் பாட்டாகப் பதிந்து வைத்துவிட்டு, யாரும் அழைத்துக் கேட்கலாம் என்று பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தார்கள். அந்தச் சேவையின் பெயர் டயல்-எ-சோங். வேலை செய்யும் இடத்திலிருந்து அழைத்தால் இலவசம் என்பது அதன் விளம்பர வாசகம். முதலாளி காசில் பாட்டுக் கேளுங்கள் என்பதை இவ்வளவு நேர்மையாகச் சொன்ன விளம்பரத்தை நான் இதுவரை எழுதவும் இல்லை, பதியவும் இல்லை.

அந்தப் பழக்கம் அவர்களை விடவில்லை. 1992இல் வந்த அப்பலோ 18 என்ற அல்பத்தில் சில விநாடிகளே ஓடும் துண்டுகளாக இருபத்தொன்று இருக்கின்றன. இறுவட்டுக் கருவியில் வரிசையைக் கலைத்துப் போட்டால் முழுப் பாட்டுகளுக்கு நடுவே இவை திடீர் திடீரென்று தலை காட்ட வேண்டும் என்பது திட்டம். விளம்பரம் வெட்டுகிற எனக்கு இது சாதாரண விசயம் இல்லை. ஐந்து விநாடிக்குள் ஒரு மெட்டைத் தொடங்கி, காதில் ஒட்டவைத்து, முடிக்கவும் வேண்டும். சும்மா கிறுக்கினால் அது வராது.

சரி, மின்வெட்டில் நாங்கள் கேட்ட அல்பத்துக்கு வருகிறேன். 2021 நவம்பரில் "புக்" என்று ஒன்று வெளியிட்டார்கள். பெயருக்கு ஏற்றபடி அது உண்மையிலேயே புத்தகம்தான், 144 பக்கம், கெட்டி அட்டை, புகைப்படங்களுக்கு நடுவே பாட்டு வரிகள். வரிகளைக் கணினியில் அடிக்காமல் ஐபிஎம் செலெக்ட்ரிக் தட்டச்சுப் பொறியில், வளைத்தும் சரித்தும் அடித்திருக்கிறார்கள். அந்த நேரம் இருவருக்கும் அறுபது கடந்துவிட்டது. ரொறொன்ரோவில் இருக்கிற என் ஒன்றுவிட்ட அண்ணன், "உன்ட வேலைக்குத் தேவைப்படும், கேள்" என்று பாட்டுகளை அனுப்பினார். அனுப்பியதும் மறந்துவிட்டேன், வேலை இருந்தது.

அப்புறம் 2022 மார்ச் வந்தது. மாதக் கடைசியில் நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரைக்கும் மின்வெட்டு. ஜெனரேட்டர் இருந்தாலும் டீசல் இல்லை. மைக்கும் கணினியும் செத்துக் கிடக்க, மாஸ்டரும் நானும் மாடிப்படியில் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருப்போம். கீழே மான் ஒன்று எங்கள் வாசலில் கிடந்த பழைய சுவரொட்டியைத் தின்றுகொண்டிருக்கும் (வெளியூர்க்காரர் நம்ப மாட்டார்கள், எங்கள் நகரத்து மான்களுக்கு மனிதரும் தெருவும் பழகிவிட்டது). போனில் மிச்சமிருந்த சார்ஜில் ஆளுக்கொரு காதுக்குழாயாக அந்த அல்பத்தைக் கேட்டோம். வியாழக்கிழமையைத் தொலைத்துவிட்டேன் என்று தலைப்பு வைத்து ஒரு பாட்டு அதில் உண்டு. இன்றைக்கு என்ன கிழமை என்பதை மின்வெட்டு அட்டவணையைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்ட அந்த நாட்களில் அதற்கு எங்களுக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

மாஸ்டரைப் பிடித்துக்கொண்டது வேறு பாட்டு. அதன் தலைப்பில் வருவது "இஃப் டே". 1942 பெப்ரவரி 19 அன்று கனடாவின் வின்னிபெக் நகரில், போர்க் கடன் பத்திரம் விற்பதற்காக, நாசிப் படை ஊரைப் பிடித்துவிட்டதாக ஒரு நாள் முழுக்க நடித்திருக்கிறார்கள். ஜேர்மன் சீருடை போட்ட உள்ளூர் ஆட்கள் தெருவில் அணிவகுத்து, நகர முதல்வரைப் "பிடித்து", பொய்யான காசுத்தாள்கூட அடித்துக் கொடுத்திருக்கிறார்கள். நான் இதை வாசித்துச் சொன்னதும் மாஸ்டர் விரல் விட்டு எண்ணினார். சரியாக ஏழு வாரம் கழித்து, ஏப்ரல் 9, யப்பானிய விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்திலும் சீனக்குடா விமானத்தளத்திலும் குண்டு போட்டன. அங்கே விளம்பரத்துக்காக நடித்தது இங்கே நிசமாக நடந்தது. "அவங்கட விளம்பரத்தில ஒருத்தனும் சிரிச்சிருக்க மாட்டான், அதனாலதான் காசு சேர்ந்தது" என்றார். அதுதான் அவருடைய விமர்சனம், அதோடு காதுக்குழாயைக் கழற்றித் தந்துவிட்டார்.

எனக்கு எல்லாப் பாட்டும் பிடித்தது என்று சொல்ல மாட்டேன். ஒன்றிரண்டு அதிகக் கெட்டித்தனம் காட்டுகின்றன, இரண்டாம் தரம் கேட்க மனம் வரவில்லை. ஆனால் அவர்கள் தாளத்தில் சோம்பல் காட்டியதாக ஒரு இடத்தையும் காண முடியாது. நாற்பது வருடமாகச் சேர்ந்து வாசிக்கிறவர்கள் வழக்கமாகப் பழைய பாட்டை வைத்தே காலத்தை ஓட்டிவிடலாம், கலியாண வீட்டுக் குழுக்களில் எத்தனையோ பேரை அப்படிப் பார்த்திருக்கிறேன், அதில் பிழையும் இல்லை. இவர்கள் பழைய பாட்டை வைத்துக்கொண்டு செய்கிற வேலைதான் என்னை நாற்காலி நுனிக்குக் கொண்டுவந்தது. 1990இல் வந்த ஃபிளட் அல்பத்துப் பாட்டு ஒன்றை மேடையில் பின்னாலிருந்து முன்னாக, தலைகீழாகப் பாடி வாசிக்கிறார்கள். அதைப் படமெடுத்து, இடைவேளைக்குப் பிறகு மறுபக்கமாக ஓட்டிக் காட்டினால் பாட்டு நேராகக் கேட்கிறது.

என் கணினியில் இது ஒரு பொத்தான். ஒலியைத் தெரிவு செய்து அழுத்தினால் கண் மூடித் திறப்பதற்குள் தலைகீழ். அதை வாயால் செய்வதென்றால் எழுத்தைத் திருப்பிப் போட்டால் போதாது, ஒலியையே திருப்ப வேண்டும். "திரு" என்பது "ருதி" ஆகாது, "உரித்" என்று ஆகும், மூச்சு விடுகிற இடம்கூட மாறிப்போகும். ஒரு முழுப் பாட்டை அப்படி மனப்பாடம் செய்ய எவ்வளவு பொறுமை வேண்டும் என்பது அலைவடிவத்தைத் தினமும் கண்ணால் பார்க்கிறவனுக்குத்தான் வயிற்றைக் கலக்கும். விளையாட்டுக்காக இவ்வளவு வேலையா என்றால், ஓம், விளையாட்டுக்குத்தான் இவ்வளவும் வேண்டும். சோகப் பாட்டில் ஒரு சுருதி விலகினால் உருக்கம் என்று மன்னித்துவிடுவார்கள், பகிடியில் கால் விநாடி பிந்தினால் ஒருவரும் சிரிக்க மாட்டார்கள்.

மின்சாரம் ஒழுங்குக்கு வந்த பிறகு ஒரு மின்விசிறிக் கடைக்காரர் கலகலப்பு கேட்டு வந்தார். மாஸ்டர் ஒரு தாள் எழுதிக்கொண்டு வந்து, மரண அறிவித்தல் வாசிக்கிற அதே நிதானத்தில், அதே இடைவெளியில் வாசித்தார். "திருகோணமலையைப் பிறப்பிடமாகவும் வசிப்பிடமாகவும் கொண்ட திருவாளர் வெக்கை அவர்கள் இன்று காலமானார். அன்னார் மே மாதத்தின் அன்புப் புதல்வரும், புழுக்கத்தின் பாசமிகு சகோதரரும் ஆவார். இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கின்றோம்." அப்புறம் இரண்டு விநாடி மௌனம், விசிறி சுற்றுகிற சத்தம், கடையின் பெயர். அந்த மௌனத்தை எவ்வளவு நீளம் விடுவது என்பதில்தான் எங்களுக்குள் சண்டை. ஒன்றரை விநாடியில் அவசரமாகக் கேட்டது, இரண்டரையில் பதிவு பழுதாகிவிட்டதோ என்று தோன்றியது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மாஸ்டர் முகத்தில் ஒரு கோடுகூட அசையவில்லை, இந்தப் பக்கம் நான் வாயைப் பொத்திக்கொண்டிருந்தேன்.

கடைக்காரர் கேட்டார், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார், இன்னொரு தரம் போடச் சொல்லி மறுபடியும் சிரித்தார். பிறகு முகம் மாறியது. "நல்லாத்தான் இருக்கு மாஸ்டர், ஆனா கடைப் பேருக்குப் பக்கத்தில செத்த வீடு வேண்டாம், அம்மா கேட்டா பேசுவா." அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, முதல் போட்டவர் அவர். கடைசியில் சிரிக்கிற குரல், "டொய்ங்", தொலைபேசி இலக்கம் இரண்டு தடவை என்று வழக்கமானதையே செய்து கொடுத்தோம். விசிறி நல்லாக விற்றதாம். அந்த வெக்கைக்கு விளம்பரமே இல்லாமலும் விற்றிருக்கும்.