பத்து லட்சம் மாறிகள்: ஒரு கணக்கின் நாட்குறிப்பு

ஜூன் 3

இரும்புக் கட்டி ஒன்றுக்குள் வெப்பம் பரவுவதைக் கணிக்க, அதை மூன்று திசைகளிலும் நூறு நூறு புள்ளிகளாகப் பகுத்திருக்கிறேன். 10 லட்சம் மாறிகள், அத்தனை சமன்பாடுகள். அவற்றின் கெழுக்களை அடுக்கிய அணியை (matrix) முழுதாக எழுதிவைக்க 8 டெராபைட் வேண்டும். ஆனால் ஒரு புள்ளி தன் ஆறு அண்டைப் புள்ளிகளோடு மட்டுமே உறவு கொள்வதால், எந்த நிரையிலும் பூச்சியமல்லாத எண்கள் ஏழைத் தாண்டுவதில்லை. அவற்றை மட்டும் சேமித்தால் 100 மெகாபைட்டுக்குள் அடங்கிவிடுகிறது.

ஜூன் 4

சமச்சீர் அணியை இரு முக்கோண அணிகளின் பெருக்கலாகக் காரணிப்படுத்தி, மாறிகளை ஒவ்வொன்றாக நீக்கி விடை காணும் சோலெஸ்கி முறையை எடைபோட்டுப் பார்த்தேன். மாறிகளை நீக்க நீக்க, பூச்சியம் இருந்த இடங்களிலெல்லாம் புதிய எண்கள் முளைக்கின்றன. புள்ளிகளை வரிசையாக எண்ணிட்டால் 10,000 அகலமுள்ள பட்டை முழுவதும் நிரம்பி 80 ஜிகாபைட் கேட்கும். 1973இல் ஆலன் ஜார்ஜ் காட்டியபடி, கட்டியை நடுவே பிளந்து, வெட்டுத்தளத்துப் புள்ளிகளைக் கடைசியில் நீக்கினால் இந்தச் சுமை வெகுவாகக் குறையும். ஒரே அணிக்கு நூறு வலப்பக்கங்கள் (சமன்பாடுகளின் வலப்பக்க எண்தொகுப்புகள்) இருந்திருந்தால், ஒருமுறை காரணிப்படுத்தியதை நூறு முறையும் பயன்படுத்தலாம் என்பதற்காகவே இதைத் தேர்ந்திருப்பேன். எனக்கு இருப்பதோ ஒன்றுதான்.

ஜூன் 5

ஹெஸ்டெனெஸும் ஸ்டீஃபெலும் 1952இல் வெளியிட்ட, ஊக விடையைச் சுற்றுக்குச் சுற்று திருத்திக்கொண்டே போகும் கான்ஜுகேட் கிரேடியண்ட் முறையை எழுதி ஓட்டினேன். அணி சமச்சீராகவும் அதன் ஐகன் மதிப்புகள் (தன் சிறப்புத் திசைகளை அது நீட்டும் அளவுகள்) அனைத்தும் மிகை எண்களாகவும் இருந்தால், ஒவ்வொரு சுற்றுக்கும் ஓர் அணிப் பெருக்கலே போதும். எச்சம் (ஊக விடையைச் சமன்பாடுகளில் இட்டால் மிஞ்சும் பிழை) கொஞ்சம் இறங்கியது; பிறகு மேலும் கீழுமாக அலைந்ததே தவிர குறையவில்லை.

ஜூன் 6

அணி உண்மையில் சமச்சீர்தானா என்று அறிய, அதிலிருந்து அதன் நிரை நிரல் மாற்று அணியைக் கழித்துப் பார்த்தேன். பூச்சியம் வரவில்லை, மிஞ்சிய எண்கள் அனைத்தும் விளிம்பை ஒட்டியே நின்றன. விளிம்பின் வெப்பநிலை தெரிந்ததே என்று அந்த நிரைகளை மட்டும் மாற்றிய நான், நிரல்களில் இருந்த கெழுக்களை அப்படியே விட்டிருக்கிறேன். அவற்றை வலப்பக்கத்துக்கு நகர்த்தியதும் எச்சம் சீராக இறங்கி, சில நூறு சுற்றுகளில் விடை வந்தது. புதிதாக முளைக்கும் எண்களை விட்டுவிடும் அரைகுறைச் சோலெஸ்கியை ப்ரீகண்டிஷனராக, அதாவது சுற்றுகளைக் குறைக்கும் துணை அணியாக, சேர்த்தபின் சுற்றுகள் பாதிக்கும் கீழே வந்தன.

ஜூன் 9

கட்டிக்குள் துளையிட்டு நீர் ஓடவிட்டால் என்ன ஆகும் என்பதே அடுத்த கணக்கு. நீரோட்டம் வெப்பத்தை ஒரே திசையில் இழுத்துச் செல்வதால் சமச்சீர் போய்விடுகிறது. அதோடு கான்ஜுகேட் கிரேடியண்டும் உதவாது. சமச்சீரற்ற அணிகளுக்கும் உதவும், 1986இல் வந்த ஜிஎம்ரெஸ் முறை எச்சத்தை ஒருபோதும் ஏறவிடாது, ஆனால் சுற்றுக்கு ஒரு திசையனை (மாறிக்கு ஓர் எண் கொண்ட வரிசையை) நினைவகத்தில் சேர்த்துக்கொண்டே போகும்; எனக்கு ஒவ்வொன்றும் 8 மெகாபைட். 50 சுற்றுக்கொரு முறை புதிதாகத் தொடங்கவைத்து 400 மெகாபைட்டில் நிறுத்தியிருக்கிறேன். இன்றிரவு ஓடட்டும்.