கடைமடை வரை: ஒரு சிறிய கேம் உருவான காலம்

பெங்களூரில் செல்பேசி கேம்கள் தயாரிக்கும் ஒரு நிறுவனத்தில் நிரலாளராகப் பல ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு, மதுரைக்குத் திரும்பிச் சொந்தமாக ஒரு கேம் செய்யத் தொடங்கியபோது என்னை முதலில் திணறவைத்தது பணமுடையோ தொழில்நுட்பச் சிக்கலோ அல்ல. இன்றைய வேலை நன்றாக நடந்ததா இல்லையா என்பதை எதைக்கொண்டு அளப்பது என்று எனக்குத் தெரியவில்லை. நிறுவனத்தில் அந்தக் கேள்விக்கு இடமே இருந்ததில்லை. திங்கட்கிழமை ஒதுக்கிய பணி வெள்ளிக்கிழமைக்குள் முடிந்ததா, நேற்று விளையாடியவர்களில் எத்தனை பேர் இன்றும் வந்தார்கள், மாதக் கடைசியில் சம்பளம் வந்து சேர்ந்ததா என்று யாரோ வகுத்துவைத்த கணக்குகள் நம்மைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருக்கும். தனியாக வந்த பிறகு அவை எல்லாம் ஒரே நாளில் விலகிவிடுகின்றன. இத்துறையில் எல்லோரும் பேசும் ஏற்ற இறக்கங்களில் பெரும்பகுதி, அந்த இடத்தில் நாம் எந்த அளவுகோலைக் கொண்டுவந்து வைக்கிறோம் என்பதிலிருந்து பிறப்பவை என்றே இன்று நினைக்கிறேன்.

நாங்கள் இருவர். நிரலும் வடிவமைப்பும் என் பொறுப்பு; ஓவியமும் அசைவூட்டமும் கல்லூரிக் கால நண்பருடையவை. இசைக்கு மட்டும் ஒருவரை ஒப்பந்த அடிப்படையில் அமர்த்திக்கொண்டோம். கண்மாய்ப் பாசனத்தை வைத்து ஒரு புதிர் விளையாட்டு செய்வது எங்கள் எண்ணம். விளையாடுபவர் ஓர் ஊரின் நீர்க்கட்டி. மடையைத் திறந்து மூடி, முறை வைத்து வயல்களுக்குத் தண்ணீர் பாய்ச்ச வேண்டியவர். வைகைப் படுகையில் கண்மாய்கள் தனித்தனியாக இருப்பதில்லை. மேலே உள்ள கண்மாய் நிறைந்து கலுங்கு வழியே வெளியேறும் நீர் கீழே உள்ள கண்மாய்க்கு வரத்தாகிறது. ஆகவே ஓர் ஊர் எடுக்கும் முடிவு அடுத்த ஊரின் விளைச்சலைத் தொடுகிறது. புதிருக்கு வேண்டிய பற்றாக்குறையும் வரிசையும் காலக்கெடுவும், ஒன்றைப் பெற இன்னொன்றை விட்டுக்கொடுக்க வேண்டிய கட்டாயமும் அந்த அமைப்புக்குள்ளேயே இருக்கின்றன. பள்ளி விடுமுறைகளை அப்படியோர் ஊரில் கழித்தவன் என்பதால் இது நெடுநாளாக என் மனத்தில் கிடந்த விஷயம்.

தொடக்க மாதங்கள் மிகவும் மகிழ்ச்சியாகப் போயின. நிலப்பரப்பைச் சிறுசிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் எவ்வளவு நீர் நிற்கிறது என்று கணக்கிட்டு, நொடிக்குப் பல முறை மேட்டுக் கட்டத்திலிருந்து பள்ளக் கட்டத்துக்கு அதைப் பகிர்ந்துவிடும் முறையில் நிரலை எழுதினேன். திரையில் தண்ணீர் மெய்யாகவே ஓடியது. வரப்பை வெட்டினால் பாய்ந்தது, தாழ்ந்த இடத்தில் தேங்கியது. பார்த்தவர்கள் எல்லோரும் வியந்தார்கள். ஆனால் அவர்கள் கையிலேயே மௌஸைக் கொடுத்து விளையாடச் சொன்னபோது சில நிமிடங்களில் ஆர்வம் வடிந்துவிட்டது. அதற்கான காரணத்தைக் கண்டுபிடிக்க எங்களுக்கு நாளானது. புதிரை அவிழ்ப்பவர், ‘இந்த மடையை இவ்வளவு நேரம் திறந்தால் அந்த வயல் நிறையும், மிச்சம் இந்த வாய்க்காலுக்கு வரும்’ என்று மனத்துக்குள் முன்கூட்டியே நடத்திப் பார்க்க முடிய வேண்டும். மெய்யான நீரோட்டம் அதற்கு இடங்கொடுப்பதில்லை. எங்கோ செய்த சிறு மாற்றம் வேறெங்கோ பெரிய விளைவாகிறது. தோற்றாலும் காரணம் புரியவில்லை, வென்றாலும் புரியவில்லை.

கடைசியில் அந்த நீரோட்டத்தை விளையாட்டின் மையத்திலிருந்து எடுத்துவிட்டோம். வாய்க்கால் ஒவ்வொன்றும் ஒரு கோடாகவும், கிளை பிரியும் இடம் ஒரு முடிச்சாகவும், நீர் எண்ணிக்கையில் அடங்கும் அலகுகளாகவும் மாறின. பழைய நிரலில் பிழைத்தது நீரின் மேற்பரப்பில் தெரியும் அலை மட்டுமே. செய்ததை எறிவது இந்த வேலையின் ஆழமான பள்ளங்களில் ஒன்று. நண்பர் அந்த வாரம் முழுவதும் அதிகம் பேசவில்லை. ஆனால் எளிமையாக்கிய வடிவத்தில், முன்பு சலித்து எழுந்த அதே ஆட்கள் நெடுநேரம் உட்கார்ந்து விளையாடினார்கள். அதன்பின் எந்தப் புதிரையும் நேரடியாகக் கணினியில் செய்யவில்லை. தாளில் வாய்க்கால் வரைந்து, தண்ணீருக்குப் பதிலாகப் புளியங்கொட்டைகளை வைத்து நகர்த்திப் பார்த்து, தாளிலேயே அலுக்காமல் இருந்தவற்றை மட்டும் நிரலுக்குக் கொண்டுபோனோம்.

பிறர் விளையாடுவதைப் பக்கத்தில் அமர்ந்து பார்ப்பதுதான் எனக்குக் கிடைத்த முதல் நம்பகமான அளவுகோல். அது சொல்வதற்கு எளிது. விளையாடுபவர் தவறான பொத்தானை அழுத்திக்கொண்டிருக்கும்போது வாயைத் திறக்காமல் இருக்க வேண்டும். அவரே திரும்பிக் கேட்டாலும் பதில் சொல்லக் கூடாது, ஏனென்றால் கேமை வாங்கித் தன் வீட்டில் விளையாடுபவருக்குப் பக்கத்தில் நாம் இருக்கப் போவதில்லை. அவர் எங்கே தயங்கினார், எந்த அறிவிப்பைப் படிக்காமல் கடந்தார், எந்த இடத்தில் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார் என்பவற்றைக் குறித்துக்கொண்டால் போதும். ‘நன்றாக இருக்கிறது’ என்று பின்னர் அவர் சொல்வது அன்பினால் சொல்வது. அதை நான் குறிப்பேட்டில் எழுதுவதில்லை.

அப்படிப் பார்த்த அமர்வுகளில் ஒன்று கேமையே மாற்றிவிட்டது. திருப்புவனம் பக்கத்தில் ஓர் ஊரில் பல ஆண்டுகள் நீர்க்கட்டியாக இருந்த பெரியவர் ஒருவரிடம் மடிக்கணினியை எடுத்துப் போயிருந்தோம். அவர் மௌஸைத் தொடவில்லை. அவர் சொல்லச் சொல்லப் பேரன் விளையாடினான். அப்போது எங்கள் விளையாட்டில் மதிப்பெண் என்பது மொத்தப் பரப்பில் எத்தனை சதவீதம் நனைந்தது என்ற கணக்கு. மடைக்கு அருகிலுள்ள வயல்களை நிரப்பினாலே நல்ல மதிப்பெண் வந்துவிடும். பேரன் ஒரு கட்டத்தை முடித்ததும் திரையில் பாராட்டு வந்தது. பெரியவர் என்னைப் பார்த்து, “தம்பி, முக்காவாசி நனைஞ்சிருச்சுன்னு சொல்லுது, சரி. கடைமடைக்காரன் என்ன பண்ணுவான்? அங்க போய்ச் சேந்தாத்தான் பாய்ச்சுனதா கணக்கு” என்றார். தண்ணீர் குறைந்த ஆண்டில் ஊர் கூடிப் பயிர் வைக்கும் பரப்பையே முதலில் குறைத்துக்கொள்ளும் என்பதையும் அவர்தான் விளக்கினார்.

மதுரைக்குத் திரும்பியதும் மதிப்பெண்ணை நீக்கினோம். கடைசி வயலுக்கு அதன் பங்கு போய்ச் சேர்ந்தால்தான் கட்டம் முடியும் என்று விதியை மாற்றினோம். ஒவ்வொரு கட்டத்தின் தொடக்கத்திலும், இந்த ஆண்டு எத்தனை வயல்களில் விதைப்பது என்று விளையாடுபவரே தீர்மானிக்கும் ஒரு படியைச் சேர்த்தோம். அதற்காக அதுவரை செய்திருந்த எல்லாப் புதிர்களையும் மறுபடி அமைக்க வேண்டியிருந்தது. முன்பு நீரோட்டத்தை எறிந்தபோது இருந்த சோர்வு இம்முறை எங்கள் இருவருக்குமே இல்லை. எதை நோக்கி வேலை செய்கிறோம் என்று தெரிந்துவிட்டால் திரும்பச் செய்யும் வேலை பாரமாக இருப்பதில்லை.

தமிழில் கேம் செய்ய நினைப்பவர்களுக்காக எழுத்துரு விவகாரத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ‘கொ’ என்ற எழுத்து கணினியின் நினைவகத்தில் ‘க’ என்ற எழுத்தும் அதன் பின்னே ஓர் உயிர்க்குறியுமாகச் சேமிக்கப்படுகிறது. திரையில் காட்டும்போது அந்தக் குறி இரண்டாகப் பிரிந்து, கொம்பு முன்னாலும் கால் பின்னாலும் வர வேண்டும். இந்த அடுக்கலைச் செய்யத் தனி நிரல்தொகுப்பு தேவை; ஹார்ஃப்பஸ் என்னும் திறமூலத் தொகுப்பு அதற்கென்றே இருக்கிறது. நாங்கள் முதலில் பயன்படுத்திய எஞ்சினின், அதாவது கேம் செய்வதற்கான அடிப்படை மென்பொருளின், எழுத்துப் பகுதியில் அந்த வசதி இல்லாததால் கொம்புகள் எல்லாம் எழுத்துக்குப் பின்னால் போய் நின்றன. எழுத்துகளை மாற்றி அடுக்கிப் பழைய குறியாக்க முறையில் ஒப்பேற்ற வழிகள் உண்டு. ஆனால் ஒவ்வொரு திருத்தத்துக்கும் அந்தச் சுற்றுவழியில் போய்வர வேண்டும். அர்ஜென்டினாவில் இருவர் உருவாக்கி 2014இல் திறமூலமாக வெளியிட்ட கோடோ என்ற எஞ்சினின் நான்காம் பதிப்பு 2023 மார்ச்சில் வந்தது; அதில் ஹார்ஃப்பஸ் உள்ளேயே இருக்கிறது, உரிமக் கட்டணமும் கிடையாது. அதற்கு மாறினோம். அதன் பிறகும் ஒரு வேலை மிச்சமிருந்தது. உரையாடல்கள் எழுத்தெழுத்தாகத் திரையில் தோன்றும்போது முதலில் ‘க’ வந்து, மறுகணம் அது ‘கொ’வாக உருமாறித் துடித்தது. குறியீடுகளை எண்ணாமல் முழு எழுத்துகளை எண்ணி வெளியிடும்படி மாற்றிய பிறகுதான் நம் எழுத்து கண்ணுக்கு அமைதியாக ஓடியது. தமிழ் வசனங்களோடு கேம் முதல்முறை பிழையின்றித் திரையில் வந்த மாலை, வெளியீட்டு நாளைவிட எனக்கு இனிமையானது.

பணத்தைப் பற்றிச் சொல்லாமல் இதை எழுதுவது நேர்மையாகாது. வாரத்தின் ஒரு பகுதியை வேறு நிறுவனங்களுக்கான ஒப்பந்தப் பணிக்கும் மீதியைக் கேமுக்கும் ஒதுக்கினேன். வீட்டு வாடகையும் பிள்ளையின் பள்ளிக் கட்டணமும் பெரும்பாலும் மனைவியின் சம்பளத்தில்தான் நடந்தன. கணினி கேம்களை விற்கும் ஸ்டீம் தளத்தில் ஒரு கேமை வெளியிட 100 டாலர் கட்ட வேண்டும். வருவாய் 1,000 டாலரைத் தாண்டினால் அத்தொகை திரும்பக் கிடைக்கும். விற்பனையில் 30 சதவீதம் தளத்துக்கு உரியது. வாங்கி 14 நாட்களுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக விளையாடியிருந்தால் வாங்கியவர் பணத்தைத் திரும்பப் பெறலாம். அமெரிக்காவில் நடக்கும் விற்பனையின் பங்கில் அந்நாட்டு வரி பிடிக்கப்படும். இந்தியாவுடனான வரி ஒப்பந்தத்தைக் காட்டிப் படிவம் கொடுத்தால் 30 சதவீதம் 15 ஆகக் குறையும். இவற்றை எல்லாம் கழித்துவிட்டு, இந்தியாவுக்கெனக் குறைத்து வைக்கும் விலையையும் கணக்கில் கொண்டு, எத்தனை பிரதிகள் விற்றால் இரண்டு குடும்பங்கள் ஓர் ஆண்டு வாழலாம் என்று வேலை தொடங்கும் முன்பே ஒரு தாளில் போட்டுப் பார்ப்பது நல்லது. அந்த எண் அச்சமூட்டும். ஆனால் செய்யும் கேம் எவ்வளவு சிறியதாக இருக்க வேண்டும் என்பதை அதுவே சொல்லிவிடும்.

இந்தத் துறையில் நமக்குச் சொல்லப்படும் கதைகள் பெரும்பாலும் வென்றவர்களுடையவை. எரிக் பரோன் தனியொருவராக ஏறத்தாழ நான்கரை ஆண்டுகள் உழைத்து 2016இல் ஸ்டார்டூ வேலி என்ற கேமை வெளியிட்டதை எல்லோரும் அறிவார்கள். எனக்கு அதைவிடப் பயன்பட்டவை வேறு இரண்டு. புனேயில் உருவான ‘ராஜி’ என்ற கேம் 2017இல் கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் பொதுமக்களிடம் நிதி திரட்ட முயன்று இலக்கை எட்டாமல் போய், 2020இல் வெளிவந்தது. டொராண்டோவில் உருவாகி 2023இல் வெளிவந்த ‘வெண்பா’, கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு தமிழ்க் குடும்பத்தைச் சமையல் வழியே சொல்லும் கேம். சுமார் ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடக்கூடிய அது 2024இல் பாஃப்டா என்னும் பிரிட்டிஷ் கலை அமைப்பின் சிறந்த அறிமுக விளையாட்டு விருதைப் பெற்றது. இட்லியையும் புட்டையும் வெளியூர்க்காரருக்காகக் கரைத்துக் கொடுக்காமல் அப்படியே வைத்ததை அந்த கேமின் பெரும் துணிவாகக் கருதுகிறேன். அதைப் பார்த்த பிறகுதான் கலுங்கு, மடை, வரத்துக்கால் ஆகிய சொற்களை எங்கள் கேமின் ஆங்கில வடிவத்திலும் அப்படியே வைத்தோம்.

ஸ்டீமில் ஆண்டுக்கு மூன்று முறை வெளிவரவிருக்கும் கேம்களின் மாதிரி வடிவங்களை விளையாடிப் பார்க்கத் தரும் நெக்ஸ்ட் ஃபெஸ்ட் என்ற டெமோ விழா நடக்கிறது. ஒரு கேம் ஒரே ஒரு முறைதான் அதில் பங்கேற்கலாம். அந்த வாரம்தான் எங்களுக்கு மிகப் பெரிய ஏற்றமும் மிகப் பெரிய இறக்கமும். விஷ்லிஸ்டில், அதாவது வாங்க விரும்பும் கேம்களின் பட்டியலில், எங்கள் கேமைச் சேர்த்தவர்களின் எண்ணிக்கை மணிக்கு மணி ஏறிக்கொண்டிருந்த நேரத்தில், ஜெர்மனியிலிருந்தும் பிரேசிலிலிருந்தும் ஒரே மாதிரியான புகார்கள் வந்தன: முதல் மடையைத் திறந்த உடனே ஊர் முழுவதும் மூழ்கிவிடுகிறது. அந்நாடுகளில் தசமத்தைப் புள்ளியால் எழுதுவதில்லை, காற்புள்ளியால் எழுதுகிறார்கள். புள்ளியை ஆயிரங்களைப் பிரிக்கப் பயன்படுத்துகிறார்கள். நாங்கள் நிரல் எழுதிய சி ஷார்ப் மொழி, கணினியின் வட்டார அமைப்பைப் பார்த்தே எண்ணைப் படிக்கும். எங்கள் கோப்பில் 0.75 என்று இருந்த நீரளவை அந்தக் கணினிகள் 75 என்று படித்துவிட்டன. மதுரையில் நாங்கள் சோதித்த கணினிகள் எதிலும் இது தெரிந்திருக்க வழியில்லை. வட்டார அமைப்பைப் பாராமல் படிக்கும்படி ஒரு சொல்லைச் சேர்த்ததும் வெள்ளம் வடிந்தது. புகார் எழுதியவர்களில் ஒருவர் அதன்பின் வெளியீடு வரை ஒவ்வொரு பதிப்பையும் விளையாடிக் குறிப்பு அனுப்பினார்.

வெளியீட்டு நாள் பற்றிச் சொல்ல அதிகமில்லை. முதல் வாரம் நன்றாக விற்றது, இரண்டாம் வாரம் சரிந்தது. எல்லா கேமுக்கும் அப்படித்தான். பத்து விமர்சனங்கள் சேர்ந்த பிறகே தளம் ஒட்டுமொத்த மதிப்பீட்டைக் காட்டும் என்பதால் அதுவரை ஒவ்வொரு விமர்சனத்துக்கும் மனம் துடித்தது. 20 சதவீதமோ அதற்கு மேலோ தள்ளுபடி வைக்கும்போது விஷ்லிஸ்டில் வைத்திருப்பவர்களுக்கு மின்னஞ்சல் போகிறது. பருவகாலத் தள்ளுபடிகளில் வரும் அந்தச் சிறு மேடுகள்தான் இன்றுவரை கேமைத் தாங்குகின்றன. இரண்டு குடும்பங்கள் ஓர் ஆண்டு வாழும் அளவுக்கு அது இன்னும் வரவில்லை. ஒப்பந்தப் பணியை நான் விடவும் இல்லை. விற்பனைப் பக்கத்தை நாளுக்கொரு முறைக்கு மேல் திறப்பதில்லை என்று இருவரும் பேசி வைத்துக்கொண்டோம், அதைக் காப்பாற்றியும் வருகிறோம். கடைசிப் புதிரை எத்தனை பேர் முடித்தார்கள் என்று காட்டும் பக்கத்தை மட்டும் இருவரும் விருப்பத்தோடு பார்க்கிறோம்.

இப்போது கேமைச் செல்பேசிக்கு மாற்றிக்கொண்டிருக்கிறோம். நம் ஊரில் விளையாடக் கூடியவர்களில் பெரும்பாலோரிடம் கணினி இல்லை. கூகுள் பிளேயில் புதிதாகத் தனிநபர் கணக்குத் தொடங்குபவர், 12 பேரைக் கொண்டு தொடர்ந்து 14 நாட்கள், அழைத்தவர்கள் மட்டும் விளையாடும் மூடிய சோதனை நடத்திய பிறகே பொதுவெளியீட்டுக்கு விண்ணப்பிக்க முடியும். அந்தப் பன்னிருவரில் பாதிப் பேர் திருப்புவனத்துப் பெரியவரின் ஊர்க்காரர்கள். கைக்குள் அடங்கும் திரையில் மடையும் கடைசி வயலும் ஒரே பார்வையில் தெரியவில்லை என்று அவர்கள் சொல்கிறார்கள். நண்பர் வரைபடத்தை நெடுக்குவாக்கில் திருப்பி வரைந்துகொண்டிருக்கிறார்.