ரெட் விழுந்தது, ஃபாலோ விழவில்லை

சனிக்கிழமை ராத்திரி மழை. கேரம் கிளப்பில் போர்டு ஈரம் வாங்கி ஸ்ட்ரைக்கர் பாதி தூரத்திலேயே நின்றுவிட்டது. பவுடர் போடப் போடக் கோதுமை மாவு பிசைந்த மாதிரி ஆனதுதான் மிச்சம். எட்டரை மணிக்கே கதவைச் சாத்திவிட்டார்கள். பழைய வண்ணாரப்பேட்டையில் சனிக்கிழமை எட்டரைக்கு வீட்டுக்கு வருகிற ஆம்பளை நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

மச்சான் வேலை முடிந்து வரும்போது பீச் ஸ்டேஷன் பக்கம் அத்தோ, அதாவது பர்மா நூடுல்ஸ், கட்டிக்கொண்டு வந்திருந்தான். கூடவே முட்டை மசாலா, வாழைத்தண்டு சூப்பு. "மாமா, சிரிக்கிற மாதிரி ஏதாவது போடு" என்றான். ஆகவே குற்றவாளி நான்தான்.

நான் போட்டது 'ஹோம்ஸ் அண்ட் வாட்சன்'. 2018 கிறிஸ்துமஸுக்கு வந்தது. துப்பறியும் ஷெர்லாக் ஹோம்ஸாக வில் ஃபெரல், அவர் கூட்டாளி வாட்சனாக ஜான் சி. ரைலி. மோசமான படத்துக்கான ராஸி (கேலிக்குக் கொடுக்கிற விருது) உட்பட நாலு ராஸி வாங்கிய படம் என்று தெரிந்தேதான் போட்டேன். ஊரே காறித் துப்பிய படங்களைப் பார்த்து நான் வயிறு வலிக்கச் சிரித்ததுண்டு. போதாக்குறைக்கு இதே ஜோடி 2008இல் நடித்த 'ஸ்டெப் பிரதர்ஸ்' எனக்கு உயிர். பர்மா பஜாரில் டிவிடி வாங்கி, அது கீறல் விழுந்து திக்குகிற வரைக்கும் பார்த்திருக்கிறேன்.

டைட்டிலில் பேர்கள் வர வர எனக்கு வாயெல்லாம் பல். வில்லன் மொரியார்ட்டியாக ரேஃப் ஃபைன்ஸ். ஹோம்ஸின் அண்ணன் மைக்ராஃப்டாக ஹ்யூ லாரி. ரெபெக்கா ஹால், கெல்லி மெக்டொனால்ட், ஸ்டீவ் கூகன், ராப் பிரைடன். "எல்லாம் பெரிய கையா?" என்றான் மச்சான். "பாரேன்" என்றேன். அந்த 'பாரேன்' இன்னும் என் காதிலேயே நிற்கிறது.

கதை பெரிதாக ஒன்றுமில்லை. ராணி விக்டோரியாவைக் கொல்லப் போவதாக மிரட்டல் வருகிறது, இரண்டு முட்டாள்கள் துப்பறிகிறார்கள். ராணியோடு செல்ஃபி எடுக்க ஆசைப்பட்டு, அந்தக் காலத்துப் பெட்டி கேமராவால் ராணி மண்டையிலேயே இடித்துவிடுகிறார்கள். செத்துவிட்டாள் என்று பயந்து பெட்டிக்குள் வைத்துத் திணிக்கப் பார்க்கிறார்கள். இப்படி எழுதும்போது எனக்கே சிரிப்பு வருகிறது. பார்த்தபோது வரவில்லை. ஏன் வரவில்லை என்று இரண்டு நாளாக மண்டையைக் குடைந்துகொண்டிருந்தேன்.

கேரம் ஆடுகிறவர்களுக்குச் சட்டென்று புரியும். ரெட்டை, அதாவது அந்தச் சிவப்புக் காயை, குழியில் போட்டால் மட்டும் போதாது. அடுத்த அடியிலேயே சொந்தக் காய் ஒன்றைப் போட வேண்டும், அதுதான் ஃபாலோ. விழாவிட்டால் போட்ட ரெட் திரும்பி நடுவுக்கு வந்து உட்கார்ந்துகொள்ளும். (புது வண்ணாரப்பேட்டை காசிமா 2024இல் அமெரிக்கா போய் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் அடித்ததிலிருந்து எங்கள் தெருப் பொடிசுகள்கூட ஃபாலோ விழாமல் கையைத் தூக்குவதில்லை.)

'காதலிக்க நேரமில்லை'யில் நாகேஷ் பாலையாவுக்குக் கதை சொல்லுவாரே, 1964இல் வந்த படம், இன்றைக்கும் எந்தக் கல்யாண வீட்டில் போட்டாலும் சனம் நின்று பார்க்கும். நாகேஷ் ரெட்டைப் போட்டுக்கொண்டே போவார். ஃபாலோ முழுக்கப் பாலையா முகத்தில். அவர் நிஜமாகவே பயப்படுகிறார், நாம் சிரிக்கிறோம். 'ஸ்டெப் பிரதர்ஸ்' படத்திலும் ஒரு பாலையா உண்டு: அப்பாவாக வரும் ரிச்சர்ட் ஜென்கின்ஸ். நாற்பது வயசுத் தடியன்கள் இரண்டு பேரும் வீட்டை நாசமாக்க ஆக்க, அந்த மனிதருக்கு நிஜமாகவே ரத்தம் கொதிக்கும். அந்தக் கொதிப்புதான் நமக்குச் சிரிப்பு.

இங்கே ஹோம்ஸும் கிறுக்கன், வாட்சனும் கிறுக்கன். வீட்டுக்கார அம்மாவும் கிறுக்கு. எல்லாரும் ரெட்டையே குறிவைக்கிறார்கள். 'கிராண்ட் புடாபெஸ்ட் ஹோட்டல்' பார்த்தவர்களுக்குத் தெரியும், ஃபைன்ஸ் ஒரு வரியை முகம் மாறாமல் சொல்லியே ஆளைச் சாய்த்துவிடுவார். அவரைக் கூட்டிவந்து மூலையில் நிற்க வைத்திருக்கிறார்கள். ஹ்யூ லாரி வந்ததும் என் வீட்டுக்காரி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "இது அந்த நொண்டி டாக்டர்தானே?" என்றாள். ஆமாம், 'ஹவுஸ்' சீரியல் டாக்டர்தான் என்று நான் சொல்லி வாய் மூடவில்லை, மனிதர் போய்விட்டார். டாக்டர் ஆவதற்கு முன்னால் இங்கிலாந்தில் காமெடியில் கொடி கட்டியவர் என்று அவளுக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். கேட்க அவள் அங்கே இல்லை.

ஒரே ஓர் இடத்தில் விழுந்தது. பிணத்தை அறுத்துப் பார்த்துக்கொண்டே வாட்சனும் ரெபெக்கா ஹாலும் காதலிக்கிற காட்சி. அந்த அம்மா ஏதோ நிஜக் காதல் படத்தில் நடிப்பது போல உருகி நடித்திருக்கிறார். மச்சானுக்குச் சூப்பு புரையேறிவிட்டது. அவன் தலையைத் தட்டிக்கொண்டே, 'அப்பாடா, இனிமேல் பிடித்துக்கொள்ளும்' என்று நினைத்தேன்.

பிடிக்கவில்லை. மொத்தமே ஒன்றரை மணி நேரப் படம், அதில் கடைசி அரை மணி நேரம் மச்சான் போனை நோண்டினான்.

அப்புறம் வாய் கசப்பு போகட்டுமென்று யூடியூபில் அந்தப் பாலையா காட்சியைப் போட்டேன். மாமியார் உள்ளே சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார், டிவி தெரிய வழியே இல்லை. நாகேஷ் கதவு 'கிரீச்' என்று திறக்கிற சத்தம் கொடுத்தார். பாலையா "ஹா" என்றார். உள்ளேயிருந்து கட்டில் குலுங்குகிற சத்தம் கேட்டது.

"இன்னொரு வாட்டி போடுடா" என்றார் மாமியார், மகனிடம்.