‘அடுப்பு வெடித்தது’ என்ற ஒரு வரி

2021 அக்டோபரில் ஒரு காலை, அன்றுதான் வந்திறங்கிய சமையல் எரிவாயு சிலிண்டரின் மூடியைக் கழற்றி ரெகுலேட்டரைப் பொருத்தியபோது, வால்வின் ஓரமாக வாயு சீறிக்கொண்டு வெளியேறியது. நான் எழுந்து விலகுவதற்குள் பக்கத்து மாடத்தில் எரிந்துகொண்டிருந்த விளக்கிலிருந்து தீப்பற்றி, வலது கை, கழுத்து, மார்பு என உடலில் 22 சதவீதம் வெந்துபோனது. அரசு மருத்துவமனையின் தீக்காயப் பிரிவில் 34 நாட்கள் இருந்தேன். தொடையிலிருந்து தோலெடுத்துக் கையில் ஒட்டினார்கள். சிகிச்சையைப் பற்றித் தனியாகவே எழுதலாம். இங்கே இழப்பீடு பெற்ற வழியை மட்டும் சொல்கிறேன்.

பெண் ஒருத்தி தீக்காயத்தோடு வந்தால், வீட்டில் யாராவது கொளுத்தினார்களா என்பதுதான் அவசரப் பிரிவின் முதல் கேள்வி. கேட்பது நியாயமே. ஆனால் அந்தச் சந்தேகத்துக்குப் பதில் சொல்வதிலேயே என் கணவரின் கவனம் முழுவதும் இருந்ததால், “அடுப்படியில தீப்பிடிச்சிருச்சு டாக்டர்” என்று மட்டும் சொல்லியிருக்கிறார். பணி மருத்துவர் விபத்துப் பதிவேட்டில் ‘அடுப்பு வெடித்ததில் ஏற்பட்ட தீக்காயம்’ என்று எழுதிவிட்டார். சிலிண்டர் என்ற சொல்லே அதில் இல்லை. பின்னால் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கையில் எடுத்த முதல் காகிதம் அதுதான்.

அந்த வரியை அழிக்க முடியாது. அதற்கு எதிராக வேறு காகிதங்களைத்தான் வைக்க முடியும். மூன்றாம் நாள் வார்டுக்கு வந்த காவலரிடம், புதிய சிலிண்டரை மாற்றியது முதல் வால்வில் கசிந்தது வரை வரிசையாகச் சொல்லி, எழுதியதை வாசித்துக் காட்டச் சொன்ன பிறகே இடது கைப் பெருவிரல் ரேகை வைத்தேன். தீயணைப்பு நிலையத்தில் விண்ணப்பித்துப் பெற்ற அறிக்கையில், தீ சிலிண்டரின் வால்வுப் பகுதியில் எரிந்துகொண்டிருந்ததாகவும் அடுப்பு சேதமடையவில்லை என்றும் இருந்தது.

இவற்றைவிடப் பெரிய உதவி பக்கத்து வீட்டுப் பையன் செய்தது. தீயணைப்பு வீரர்கள் தெருவில் இறக்கி வைத்த சிலிண்டரை அவன் கைபேசியில் படமெடுத்திருந்தான். கைப்பிடி வளையத்தைத் தாங்கும் தகட்டின் உட்புறத்தில் ‘பி-21’ என்ற எழுத்து அதில் தெளிவாகத் தெரிந்தது. ஏ என்றால் மார்ச், பி என்றால் ஜூன், சி என்றால் செப்டம்பர், டி என்றால் டிசம்பர். அந்த மாதத்துக்குள் சிலிண்டரை மறுசோதனைக்கு அனுப்பியாக வேண்டும். எங்களுடையதற்கு ஜூன் 2021-லேயே கெடு முடிந்திருந்தது. மறுநாள் விநியோகஸ்தரின் ஆட்கள் சிலிண்டரை எடுத்துப் போக வந்தபோது, என் தம்பி வரிசை எண்ணைக் குறிப்பிட்டு எழுத்துமூலம் ஒப்புகை வாங்காமல் கொடுக்க மறுத்துவிட்டான்.

எண்ணெய் நிறுவனங்கள் வாடிக்கையாளருக்காகப் பொதுப் பொறுப்புக் காப்பீடு எடுத்திருக்கின்றன. நாம் தனியாகப் பிரீமியம் கட்டத் தேவையில்லை. பதிவு செய்த முகவரியில் விபத்து நடந்து, விநியோகஸ்தருக்கு உடனே எழுத்தில் தெரிவித்திருக்க வேண்டும். உயிரிழப்புக்கு 6 லட்சமும், மருத்துவச் செலவுக்கு ஒருவருக்கு அதிகபட்சம் 2 லட்சமும் உண்டு. இதை எங்களிடம் யாரும் சொல்லவில்லை. வார்டில் எதிர்க் கட்டிலில் இருந்த அம்மாவின் மகன் சொல்லித்தான் பதினோராம் நாள் பதிவுத் தபால் அனுப்பினோம். ஒப்புகை அட்டை வந்தது, பதில் வரவில்லை.

2022-இல் எங்கள் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் முறையீடு செய்தோம். விபத்து நடந்து இரண்டு ஆண்டுகளுக்குள் செய்ய வேண்டும். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நாம் வசிக்கும் ஊரிலேயே தொடுக்கலாம் என்பதால், நிறுவனத்தின் அலுவலகம் சென்னையில் இருந்தும் நாங்கள் அலையவில்லை. கேட்கும் தொகையைப் பார்க்காமல் பொருளுக்குக் கொடுத்த விலையைப் பார்த்தே ஆணையத்தின் வரம்பும் கட்டணமும் முடிவாகின்றன. 5 லட்சம் வரை விலையுள்ள பொருளுக்குக் கட்டணமே இல்லை. ஆகவே, 12 லட்சம் கேட்ட எங்களுக்கு வழக்கறிஞர் செலவு மட்டும்தான்.

எதிர்த்தரப்பினர் மூவரும் ஒருவரையொருவர் காட்டினார்கள். நிரப்பியது நிறுவனம் என்றார் விநியோகஸ்தர். விநியோகஸ்தர் எங்கள் முகவர் அல்லர், தனி வணிகர் என்றது நிறுவனம். விபத்தைத் தாமதமாகத் தெரிவித்தோம் என்றது காப்பீட்டு நிறுவனம். வாசலில் வைத்துக் கசிவைச் சோதித்துக் காட்ட வேண்டிய விநியோகப் பையன், சிலிண்டரை இறக்கிவிட்டுச் சீட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனதற்கு மட்டும் மூவரிடமும் பதில் இல்லை.

எனக்கு மிகவும் கடினமாக இருந்தது வருமானத்தை நிரூபிப்பதுதான். வீட்டில் தையல் வேலை பார்ப்பவளிடம் சம்பளச் சீட்டு ஏது? கடைசியில் என் அளவு நோட்டையே சான்றாவணமாகக் கொடுத்தோம். தோள், மார்புச் சுற்று, கை நீளம், கீழே கூலி, வாங்கிய தேதி என ஆறு ஆண்டுக் கணக்கு அதில் இருந்தது. விரல்கள் சுருங்கிக் கத்தரிக்கோல் பிடிக்க முடியாமல் போனதற்கு, ஓராண்டு கழித்து மருத்துவக் குழு கொடுத்த 40 சதவீத ஊனச் சான்று துணையாக இருந்தது. ஆனால் நாளுக்கு 23 மணி நேரம் போட்டுக்கொள்ளச் சொன்ன, தழும்பு தடிக்காமலிருக்க இறுக்கிப் பிடிக்கும் அழுத்த உடைகளுக்கு நான் ரசீது வாங்கி வைக்கவில்லை. அந்தச் செலவு முழுவதும் தள்ளுபடியானது.

2024-இல் வந்த உத்தரவில், விளக்கை அணைக்காமல் சிலிண்டரை மாற்றியது என் கவனக்குறைவு என்று ஐந்தில் ஒரு பங்கைக் கழித்துக்கொண்டு, நிறுவனமும் விநியோகஸ்தரும் கூட்டாகவோ தனித்தோ 5,40,000 ரூபாயை, முறையீடு செய்த நாளிலிருந்து 9 சதவீத வட்டியுடன் தர வேண்டும் என்றார்கள். கழித்தது எனக்கு வருத்தம்தான். தவறு என்று சொல்ல மாட்டேன். மேல்முறையீட்டுக்கு 45 நாள் அவகாசம் உண்டு, உத்தரவிட்ட தொகையில் பாதியைக் கட்டினால்தான் அதை ஏற்பார்கள். யாரும் போகவில்லை; பணமும் தரவில்லை. உத்தரவை நிறைவேற்றக் கேட்டு நிறைவேற்று மனு போட்டு, இரண்டாவது வாய்தாவுக்கு முதல் நாள் வங்கிக் கணக்கில் வரவு வைத்தார்கள்.

அளவு நோட்டு இன்னும் ஆணையத்தில்தான் இருக்கிறது. மூல ஆவணங்களைத் திரும்பப் பெறத் தனி மனு கொடுத்திருக்கிறேன்.