வலி எத்தனை, அம்மா?

அம்மாவுக்கு 71 வயது. போன வருஷம் வலது முழங்கால் மாற்று ஆப்பரேஷன். ரத்தப் பரிசோதனை, இசிஜி, மெடிசேவ் (சிங்கப்பூரின் மருத்துவச் சேமிப்புக் கணக்கு) பாரம் எல்லாம் முன்கூட்டியே சிக்கலில்லாமல் முடிந்தன.

ஆப்பரேஷன் அன்று காலை ஏழு மணிக்கே மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தோம். நள்ளிரவிலிருந்து வெறும் வயிறு. வந்த தாதியர் ஒவ்வொருவரும் பெயரையும் ஐசி (அடையாள அட்டை) எண்ணையும் கேட்டுக் கைப்பட்டையோடு ஒத்துப் பார்த்தார்கள். "எத்தனை தடவ கேப்பாங்க? ஆள் மாறிப்போச்சா?" என்று அம்மா மிரண்டுவிட்டார். ஆள் மாறக்கூடாது என்றுதான் கேட்கிறார்கள் என்பதை நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. 11 மணிக்கு ஆப்பரேஷன் என்றது மதியம் இரண்டாயிற்று. கேட்டால், "வெயிட் ஆன்ட்டி." அதற்குள் அம்மா வீட்டுக்கே போய்விடலாம் என்று அழ ஆரம்பித்துவிட்டார். ஏன் தாமதம் என்று யாராவது ஒரு வரி சொல்லியிருக்கலாம். அந்த ஆதங்கம் எனக்கு இன்னும் தீரவில்லை.

ஆப்பரேஷன் நல்லபடியாக முடிந்தது. அப்புறம்தான் வலி. பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் எவ்வளவு என்று கேட்கும்போதெல்லாம் அம்மா "டூ" என்றே சொல்லியிருக்கிறார். யாருக்கும் தொந்தரவு தரக்கூடாதாம். நம் வீட்டுப் பெரியவர்கள் பலரும் இப்படித்தான். வார்டில் சேர்க்கும்போதே இதைத் தாதியிடம் சொல்லி வைத்திருக்க வேண்டும், எனக்குத் தோன்றவில்லை.

இரவுப் பணிக்கு வந்த மியன்மார் தாதிதான் கண்டுபிடித்தார். வாய் "டூ" என்கிறது, கை கட்டில் கம்பியை விடவில்லை. உடனே எனக்குப் போன் செய்து அம்மா காதில் வைத்தார். "பிரசவ வலி பத்துன்னா, இப்ப எத்தனம்மா?" என்றேன். சற்று நேரம் பேச்சில்லை. "எட்டு."

வலி மாத்திரை கிட்னியைக் கெடுத்துவிடும் என்ற பயம் வேறு. தாதி அவசரப்படவே இல்லை. கிட்னி பரிசோதனை சரியாக இருக்கிறது, அதைப் பார்த்துத்தான் டாக்டர் மருந்தின் அளவைக் குறித்திருக்கிறார். வலிக்குப் பயந்து படுத்தே இருந்தால் காலில் ரத்தம் கட்டிக்கொள்ளலாம், நாளைக்கு நடக்க வேண்டும் என்றார். ஒவ்வொன்றாக நான் தமிழில் சொல்லச் சொல்ல, அம்மா "ம்" கொட்டினார். மாத்திரையும் போட்டுக்கொண்டார்.

போனை வைக்குமுன் தாதி என்னிடம் மூன்று சொற்கள் கேட்டார்: வலி, மூச்சு, தண்ணி. காலையில் நான் போனபோது அவற்றைப் பர்மிய எழுத்தில் எழுதிய துண்டுத்தாள் மேசையில் இருந்தது. பணி முடிந்து கிளம்பும் நேரம், கட்டிலருகே குனிந்து, "வலி எத்தனை, அம்மா?" என்றார்.

"நாலு, மிஸ்ஸி," என்றார் அம்மா. அன்று மதியம் நடைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு கழிப்பறைக் கதவுவரை எட்டு அடி நடந்தார்.